விழுந்த சுவிட்சைத் தூக்குவதற்கு முன்

பிரிட்டனில் மோட்டார்ஹோம் வைத்திருக்கும், விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ஈஸ்டர் விடுமுறை வருகிறது. குளிர்காலம் முழுக்க வீட்டு வாசலில் உறை போட்டு நிறுத்தியிருந்த வண்டிகள் இனி ஸ்கை தீவுக்கும் கார்ன்வாலுக்கும் கிளம்பும். வேல்ஸில் ஸ்கந்த வேல் ஆலயத்தில் முருகனைக் கும்பிடப் போகிற குடும்பங்கள் கார்மார்தன்ஷயர் பக்கத்திலேயே ஏதாவது ஒரு கேம்ப்சைட்டில் இரவு தங்கும். வண்டியை ஹூக்கப் போஸ்ட் (மின்சாரம் தரும் கம்பம்) அருகில் நிறுத்தி, ஆரஞ்சு கேபிளை மாட்டி, அரிசி களைந்து குக்கரில் போட்ட சிறிது நேரத்தில் பல வண்டிகளில் கரண்ட் போகும். மோட்டார்ஹோம்களில் மின்வேலை பார்ப்பவன் நான். அந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: கரண்ட் போனதும் ஓடிப்போய் விழுந்த சுவிட்சைத் தூக்கிவிடாதீர்கள். எந்த சுவிட்ச் விழுந்தது, எப்போது விழுந்தது, அப்போது எதெது ஓடிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். அந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தால் கோளாறில் பாதி பிடிபட்டுவிடும். பார்க்காமல் தூக்கித் தூக்கிவிடுகிறவர்கள் கடைசியில் போய் நிற்கிற இடத்தை நான் பார்த்திருக்கிறேன். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் டிரிப் ஆகாது என்று யாரோ சொன்னதை நம்பி, பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் வயரை வெட்டிவிட்ட கேபிள் ஒன்று என் கைக்கு வந்தது. டிரிப் ஆகவில்லை என்பது உண்மைதான். கசிகிற மின்சாரத்துக்குப் போக வழியில்லாமல் அது வண்டியின் உடம்பிலேயே நின்றது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைப் பிடிக்கிற குழந்தை அந்த வழியாகிவிடும். அந்தக் கேபிளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

முதலில் மின்சாரம் வருகிற பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். போஸ்ட், கேபிள், வண்டியின் பக்கவாட்டில் மூடி போட்ட இன்லெட், உள்ளே இருக்கும் பியூஸ் பெட்டி, அதன்பின் பிரிட்ஜ், ஹீட்டர், சார்ஜர், சாக்கெட்டுகள். கோளாறு எங்கே இருந்தாலும் தேடுவது இந்த வரிசையில்தான்.

வந்ததிலிருந்தே கரண்ட் இல்லை என்றால் பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. பிரிட்டிஷ் கேம்ப்சைட்டுகளில் பல போஸ்ட்டுகளில் நீல பிளக்கைச் செருகினால் மட்டும் போதாது. ‘கிளிக்’ என்று பூட்டும்வரை வலப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினால்தான் உள்ளே சுவிட்ச் ஆன் ஆகும். கழற்றும்போது சிவப்புப் பொத்தானை அழுத்தினால் விடுபடும். சில இடங்களில் ரிசப்ஷனில் சொன்ன பிறகுதான் உங்கள் போஸ்ட்டுக்கு மின்சாரம் விடுவார்கள். சில இடங்களில் கார்டு போட வேண்டும். மாட்டும்போது முதலில் வண்டியில் மாட்டி, பிறகு போஸ்ட்டில் மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் போஸ்ட்டில் கழற்றுங்கள். மின்சாரம் உள்ள கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நடக்க வேண்டிய தேவை அப்போது வராது.

இனி, நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று நின்றுபோகிற கதைக்கு வருவோம்.

வண்டியின் பியூஸ் பெட்டியில் இரண்டு வகைக் காவல் இருக்கிறது. சின்னச் சின்ன எம்.சி.பி. சுவிட்சுகள் ஒரு வகை. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோ இவை விழும். ‘டி’ என்று எழுதிய சோதனைப் பொத்தானோடு இருக்கும் அகலமான சுவிட்ச் ஆர்.சி.டி. அது மின்சாரத்தின் அளவைப் பார்ப்பதில்லை. லைவ் வயரில் போனது முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவு குறைந்தாலே, அதாவது எங்கோ எர்த்துக்கோ ஒரு மனித உடலுக்கோ கசிந்தாலே, நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். போஸ்ட்டிலும் இதே இரண்டு காவலும் இருக்கின்றன. பல இடங்களில் இரண்டும் ஒரே சுவிட்சாகச் சேர்ந்திருக்கும். வண்டிக்குள்ளும் போஸ்ட்டிலும் இருப்பது ஒரே 30 மில்லி ஆம்பியர் அளவு என்பதால் கசிவு வந்தால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. உள்ளே எல்லா சுவிட்சும் மேலேயே நிற்கிறது, ஆனால் கரண்ட் இல்லை என்றால் வெளியே போய் போஸ்ட்டைப் பாருங்கள்.

எம்.சி.பி. விழுந்திருந்தால் முதலில் கணக்குப் போடுங்கள். நம் குடும்பங்களிலிருந்து எனக்கு வருகிற அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான். வீட்டில் நமக்கு ஆம்பியர் கணக்கே வருவதில்லை. கெட்டிலையும் ஓவனையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுகிறோம். கேம்ப்சைட் போஸ்ட்டில் 16 ஆம்பியர் கிடைத்தால் 230 வோல்ட்டில் மொத்தம் 3680 வாட். பல போஸ்ட்டுகளில் 10 ஆம்பியர்தான். அது 2300 வாட். 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். வீட்டிலிருந்து எடுத்து வந்த கெட்டில் மட்டுமே 3000 வாட் இருக்கும், அதாவது 13 ஆம்பியர். 10 ஆம்பியர் போஸ்ட்டில் வேறு எதுவும் ஓடாவிட்டாலும் அது தாங்காது. அதே 10 ஆம்பியர் போஸ்ட்டில் இன்னொரு உதாரணம்: மாலையில் குளிர்கிறது என்று ஹீட்டரை மின்சாரத்தில் 1800 வாட்டில் போடுகிறீர்கள். பிரிட்ஜ் சுமார் 150, பேட்டரி சார்ஜர் 200 என்று அவை பாட்டுக்கு ஓடுகின்றன. ரைஸ் குக்கர் 700. கூட்டினால் 2850 வாட், 12 ஆம்பியருக்கு மேல். சுவிட்ச் உடனே விழாது. எம்.சி.பி. கொஞ்சம் கூடுதலான சுமையைச் சிறிது நேரம் தாங்கி, உள்ளே சூடேறிய பிறகுதான் விடும். குக்கர் போட்டு அரை மணி நேரம் ஆன பிறகுகூட விழலாம். அதனால்தான் பலர், ‘குக்கர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கேபிளில்தான் கோளாறு’ என்று நினைத்துவிடுகிறார்கள்.

சட்னிக்கு மிக்சி ஓடுவது ஓரிரு நிமிடம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தண்ணீர் கொதிக்க வைக்கக் காஸ் அடுப்பையோ, 1000 வாட்டுக்குள் இருக்கும் பயணக் கெட்டிலையோ பயன்படுத்துங்கள். சமைக்கும் நேரத்தில் ஹீட்டரைக் காஸுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கருவியின் அடியிலும் வாட் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, பியூஸ் பெட்டியின் கதவுக்குள் ஒட்டிவையுங்கள். அம்மாவுக்கும் அத்தைக்கும் சேர்த்துக் காட்டுங்கள். சமையல் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு முதலில் தெரிய வேண்டும். சுமையைக் குறைத்துவிட்டு ஒரு முறை தூக்குங்கள். தூக்கிய அந்தக் கணமே மறுபடி விழுந்தால் அது சுமையல்ல, ஷார்ட். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விழுந்தது ஆர்.சி.டி. என்றால் வேறு மனநிலையோடு அணுக வேண்டும். எங்கோ மின்சாரம் வெளியே கசிகிறது. இங்கே கணக்கு உதவாது. பிரித்துப் பார்ப்பது உதவும்.

போஸ்ட்டை நிறுத்திவிட்டு, வண்டியின் இன்லெட்டில் இருந்து கேபிளைக் கழற்றுங்கள். கேபிளின் அந்த முனையை மூடியோடு, தரையில் படாமல், ஈரம் இல்லாத இடத்தில், குழந்தைகள் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுப் போஸ்ட்டைப் போடுங்கள். இப்போதும் விழுந்தால் கோளாறு கேபிளிலோ போஸ்ட்டிலோ இருக்கிறது. கேபிளைப் போஸ்ட்டிலிருந்தும் கழற்றிவிட்டுப் போட்ட பிறகும் விழுந்தால் போஸ்ட்தான். வார்டனைக் கூப்பிடுங்கள், நீங்கள் திறக்க வேண்டாம். வெறும் கேபிளோடு போஸ்ட் நிற்கிறது, வண்டியில் மாட்டினால் விழுகிறது என்றால் கோளாறு வண்டிக்குள்.

வண்டிக்குள் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நல்ல வழிதான். ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அது தெரியாமல் பலர் குழம்பிப் போகிறார்கள். பல பிரிட்டிஷ் வண்டிகளில் எம்.சி.பி. லைவ் வயரை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். ஒரு கருவியில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தால், எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி வைத்த பிறகும் ஆர்.சி.டி. விழலாம். அதைப் பார்த்துவிட்டு ஆர்.சி.டி.யே கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிப் போடுகிறார்கள், அதுவும் விழுகிறது. ஆகவே சுவிட்சை இறக்குவதோடு நிற்காமல் கருவிகளின் பிளக்கையே பிடுங்குங்கள். கெட்டில், டோஸ்டர், குக்கர், போன் சார்ஜர், எல்லாம். பிறகு ஆர்.சி.டி.யைத் தூக்கி, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் ஆள். பிரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் பல வண்டிகளில் பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருப்பார்கள். அவற்றுக்கென்று தனி சுவிட்ச் இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அந்த வேலையைத் தொழில் தெரிந்தவருக்கு விடுங்கள்.

இந்தப் பருவத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது பிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும்தான். அவற்றுக்குள் சூடேறும் எலிமென்ட்டின் கம்பிச் சுருளைச் சுற்றி ஒரு வெள்ளைப் பொடி அடைத்திருக்கும். மக்னீசியம் ஆக்சைடு. உலர்ந்திருக்கும்வரை அது நல்ல காப்பு. மாதக்கணக்கில் ஓடாமல் குளிரில் நின்றால் முனைகள் வழியாகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கசியவிடும். அக்டோபரில் நன்றாக ஓடிய வண்டி ஏப்ரலில் மாட்டியதும் டிரிப் ஆவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பிரிட்ஜைச் சில மணி நேரம் காஸில் ஓடவிட்டால் அந்தச் சூட்டில் ஈரம் போய்ச் சரியாகிவிடுவதும் உண்டு. அதன்பின்னும் விழுந்தால் அந்த எலிமென்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

மழைக்குப் பிறகு மட்டும் விழுகிறது என்றால் இன்லெட்டையும் கேபிள் இணைப்புகளையும் பாருங்கள். இரண்டு கேபிள்களைச் சேர்த்துப் போட்டு, நடு இணைப்பு புல்லில் கிடந்தால் தண்ணீர் அங்கேதான் புகும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டைப் பின் மிக்சியையும் குக்கரையும் பற்றியும் சொல்ல வேண்டும். சாக்கெட்டின் மேல் துளையில் எதையாவது குத்தி, உருண்டைப் பின்னைத் திணித்துப் பயன்படுத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிச் செருகினால் எர்த் சேர்வதில்லை. பிளக்கில் பியூஸும் இல்லை. ஒழுங்கான 13 ஆம்பியர் பிளக்கை மாட்டித் தரச் சொல்லுங்கள், அதிக நேரம் எடுக்காத வேலை.

கதவுக் கைப்பிடியையோ இரும்புப் படியையோ தொடும்போது கையில் சுருக்கென்றோ, மெல்லிய நடுக்கம் போலவோ இருந்தால் தேடுதல் எல்லாம் பிறகு. பிள்ளைகளை வண்டியில் இருந்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்கட்டும், இறங்கும்போது ஒரு கால் தரையிலும் ஒரு கை வண்டியிலும் படும். நீங்கள் வண்டியைத் தொடாமல் போஸ்ட்டுக்குப் போய் நிறுத்துங்கள். எங்கோ கசிவு இருக்கிறது, எர்த்தும் அறுந்திருக்கிறது, அதாவது வயரின் காப்பு, எர்த் என்ற இரண்டு பாதுகாப்பும் ஒரே சமயத்தில் போயிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். அன்றிரவு ஹூக்கப் வேண்டாம். பேட்டரியிலும் காஸிலும் சமாளிக்கலாம்.

ஒவ்வொரு முறை இணைத்ததும் ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். கரண்ட் இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். அழுத்தினால் விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த வண்டியை இணைத்து வைக்காதீர்கள்.

கேபிளைப் பற்றி: மூன்று வயர், 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பு, 25 மீட்டர், நீல பிளக்குகள். இதுதான் அளவு. தோட்டத்துக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் இதற்குப் பதிலாகாது. போஸ்ட் பக்கத்திலேயே இருந்தாலும் கேபிளை முழுவதும் அவிழ்த்து, வண்டிக்கடியில் நெகிழ்வாகப் பரப்பிப் போடுங்கள். டிரம்மில் சுற்றியபடியே ஹீட்டர் ஓட்டினால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன டிரம்மைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு போஸ்ட்டை நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அல்லது பித்தளைப் பின்கள் கறுத்திருந்தால், பெரும்பாலும் உள்ளே திருகு தளர்ந்திருக்கும். அந்த பிளக்கை மாற்றிவிடுங்கள்.

லூர்து மாதாவைப் பார்க்கவும் பாரிஸில் உறவுகளைப் பார்க்கவும் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பிரான்சில் பல கேம்ப்சைட்டுகளில் 6 ஆம்பியர் அல்லது 10 ஆம்பியர்தான் தருவார்கள். சில இடங்களில் நீல சாக்கெட் இருக்காது, அதற்கான அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். முக்கியமானது அதுவல்ல. அங்கே லைவும் நியூட்ரலும் இடம் மாறி வரலாம். கருவிகள் வழக்கம்போலவே ஓடும் என்பதால் உங்களுக்குத் தெரியாது. ஆனால் நம் வண்டியின் சுவிட்சுகளும் எம்.சி.பி.களும் ஒரு வயரை மட்டும் துண்டிக்கிறவை என்றால், அணைத்த பிறகும் கருவிக்குள் 230 வோல்ட் நிற்கும். டோஸ்டரை அணைத்துவிட்டோம் என்று கத்தியை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் ஒன்று சில பவுண்டுதான். இணைத்ததும் முதலில் அதைச் செருகிப் பாருங்கள். மாறியிருந்தால், லைவையும் நியூட்ரலையும் மாற்றித் தருவதற்கென்றே செய்த குட்டைக் கேபிள் விற்கிறார்கள். அதில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள், பிரிட்டனுக்குத் திரும்பியதும் கழற்றிவிடுங்கள். அந்த டெஸ்டர் எர்த் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விளக்கு மங்குவதும் பம்பு ஓடாததும் பெரும்பாலும் ஹூக்கப் கோளாறு அல்ல. அவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. ஹூக்கப் இணைந்திருக்கும்போது பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜர் வேலை செய்கிறது. 12.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜரின் சுவிட்சையும் பியூஸையும் பாருங்கள்.

வீட்டு வாசலில் 13 ஆம்பியர் அடாப்டர் போட்டுப் பலரும் சார்ஜ் செய்கிறார்கள், அதில் ஹீட்டர் ஓட்ட வேண்டாம். ஆனால் வாசலில் நிரந்தரமாக ஒரு நீல சாக்கெட் வைக்க நினைப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். பிரிட்டனில் பல வீடுகளுக்குத் தெருவிலிருந்து நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியாகச் சேர்ந்து வருகின்றன. அந்த எர்த்தைக் கேரவனின் உலோக உடம்போடு இணைக்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மின்வழங்கல் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. தெருவில் அந்தக் கம்பி அறுந்தால் வண்டியின் உடம்பிலேயே மின்சாரம் ஏறிவிடும் என்பதுதான் காரணம். கேம்ப்சைட்டுகளில் தரையில் தனியாக எர்த் கம்பி அடித்திருப்பதும் இதனால்தான். வழக்கமாக வீட்டுக்கு வயரிங் செய்கிறவரிடம், அவர் நம் உறவினராகவே இருந்தாலும், இந்த விதி தெரியுமா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது உங்கள் வேலை அல்ல. என்.சி.சி. (நேஷனல் கேரவன் கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற பணிமனைகளில் வீட்டுக்கே வந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வருடாந்தர ஹாபிடேஷன் சர்வீஸில் ஆர்.சி.டி. சோதனையும் சேர்ந்ததுதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகை வண்டி என்றால் சாவி வாங்கும்போதே பியூஸ் பெட்டி எங்கே என்று காட்டச் சொல்லி, அவர்கள் முன்னாலேயே ஹூக்கப்பை மாட்டிச் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

பழுது பார்ப்பவரைக் கூப்பிடும்போது வெறுமனே ‘கரண்ட் இல்லை’ என்று சொல்லாதீர்கள். விழுந்தது எம்.சி.பி.யா, ஆர்.சி.டி.யா, போஸ்ட்டா, மாட்டியதும் விழுந்ததா, நேரம் கழித்தா, மழை பெய்ததா, பிளக்குகளைப் பிடுங்கிய பிறகும் விழுகிறதா, வெறும் கேபிளோடு போஸ்ட் நிற்கிறதா. இவற்றைச் சொல்லுங்கள். வருகிறவர் எலிமென்ட்டை எடுத்துவர வேண்டுமா, பிளக்கை எடுத்துவர வேண்டுமா என்று போனிலேயே முடிவு செய்துவிடுவார்.

அன்புடன்,
மோட்டார்ஹோம் மின்வேலை பார்க்கும் உங்களில் ஒருவன்